ஹாப் கிடைக்காமல் போன குளிர்காலம்

2007-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் சிறிய பீர் ஆலைகள் பல, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்பை வாங்க வழக்கம்போல் தங்கள் வியாபாரியைக் கூப்பிட்டன. சரக்கு இல்லை என்று பதில் வந்தது. கொஞ்சம் இருக்கிறது என்ற இடங்களிலும் விலை தலைசுற்ற வைத்தது. ஓரிரண்டு ஆண்டுகளுக்கு முன் பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோவுக்கு, சில டாலர் கொடுத்து வாங்கிய ஹாப் இப்போது 20 டாலர். சில ரகங்கள் 30 வரை போயின. கேட்ட ரகமே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

அப்போது அந்த நாட்டில் இப்படிப்பட்ட சிறிய, தனித்துவமான ஆலைகள், அதாவது கிராஃப்ட் பீர் ஆலைகள், 1,400-க்கு மேல் இருந்தன. மொத்த பீர் உற்பத்தியில் அவற்றின் பங்கு சுமார் 4 சதவீதம்தான். ஆனால் அவற்றின் பீருக்கு அடையாளமே ஹாப்பின் மணம். அந்தத் தட்டுப்பாடு எப்படி வந்தது, ஆலைகள் எப்படிச் சமாளித்தன, அதன் பிறகு ஹாப் வாங்கும் முறையே எப்படி மாறியது என்பதைப் பார்க்கலாம். 'இயற்கைச் சீற்றம், தட்டுப்பாடு, விலையேற்றம்' என்று மூன்று சொல்லில் இதை முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் வேண்டும்போது வாங்கிக்கொள்ளும் பழக்கம்தான் அன்றைக்கு ஆலைகளைக் கவிழ்த்தது.

முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம்.

ஹாப் ஒரு கொடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெண் கொடியில் வரும் பச்சைக் கூம்புகளுக்காகத்தான் வளர்க்கிறார்கள். கூம்பைப் பிரித்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். அதன் பெயர் லுப்புலின். பீருக்கு வேண்டியது எல்லாம் அந்தத் தூளில்தான் இருக்கிறது. நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு ஹாப் தோட்டம் அந்நியமாகத் தெரியாது. 18 அடி உயரப் பந்தலிலிருந்து கயிறு தொங்கும். வசந்தத்தில் தரையிலிருந்து கிளம்பும் தளிரைக் கயிற்றில் சுற்றிவிட்டால் கோடை நடுவிலேயே உச்சியைத் தொட்டுவிடும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் கொடியோடு வெட்டி இறக்குவார்கள். வேர் மண்ணில் தங்கி அடுத்த ஆண்டு மறுபடி துளிர்க்கும்.

ஹாப் ஒழுங்காகப் பூக்க நீண்ட கோடைப் பகல் வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து 35 முதல் 55 பாகை வரை உள்ள பகுதிகளில்தான் பெருமளவில் விளைகிறது. ஊட்டியில் குளிர் இருக்கிறது, மழை இருக்கிறது, ஆனால் பகல் நீளாது. அதனால்தான் உலகத்துக்கு வேண்டிய ஹாப்பில் பெரும்பகுதி ஒருசில பள்ளத்தாக்குகளிலிருந்து வருகிறது. ஜெர்மனியில் பவேரியாவின் ஹாலர்டாவ், செக் நாட்டின் ஜாட்டெட்ஸ், இங்கிலாந்தின் கென்ட் எல்லாம் பழைய பெயர்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து யகிமா பள்ளத்தாக்குதான் தலைமை இடம். அந்த நாட்டு ஹாப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாஷிங்டன் மாநிலத்தில் விளைகிறது. யகிமா மழை மறைவுப் பகுதி. மலைப்பனி உருகி வரும் ஆற்றுநீர்ப் பாசனத்தை நம்பித்தான் விவசாயம் நடக்கிறது.

இத்தனை சில இடங்களை நம்பியிருக்கும் பயிரில் ஒரு பள்ளத்தாக்கு தும்மினாலும் உலகம் முழுக்கச் சளி பிடிக்கும்.

ஹாப் பீருக்கு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று கசப்பு. லுப்புலினில் உள்ள ஆல்பா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தருகின்றன. இன்னொன்று மணம். எண்ணெய்கள் தரும் அந்த மணம் நீண்ட நேரம் கொதித்தால் ஆவியோடு போய்விடும். அதனால் மணத்துக்கான ஹாப்பைக் கொதியின் கடைசியிலோ, பீர் நொதித்து ஆறிய பிறகோ போடுகிறார்கள். பிந்தையதற்கு டிரை ஹாப்பிங் என்று பெயர்.

கசப்பு வெறும் கணக்கு. 5 சதவீத ஆல்பா உள்ள ஹாப் 100 கிராம் போட்ட இடத்தில், 10 சதவீதம் உள்ளது 50 கிராம் போதும். ரகம் மாறினாலும் பெரிதாகத் தெரியாது. மணம் அப்படி இல்லை. காஸ்கேட் என்ற அமெரிக்க ரகத்தின் பம்ப்ளிமாஸ் மணத்துக்கு எத்தனை கிலோ சாட்ஸ் என்ற செக் ரகத்தைப் போட்டாலும் ஈடாகாது. பெரிய நிறுவனங்கள் காய்ச்சும் லாகர் வகை பீருக்குக் கசப்புதான் முக்கியம், அதுவும் கொஞ்சம்தான். கிராஃப்ட் ஆலைகள் ஒரு பீப்பாய்க்கு அதைப்போலப் பல மடங்கு ஹாப் போடுகின்றன. அதிலும் பெரும்பகுதி மணத்துக்காகக் கடைசியில் போடுவது. தட்டுப்பாடு வந்தபோது அடி யாருக்கு அதிகம் விழுந்தது என்பது இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

நெருக்கடி விதைக்கப்பட்ட ஆண்டுகள்

2007-இன் தட்டுப்பாட்டுக்குப் பதினைந்து ஆண்டு முன்கதை உண்டு. 1990-களின் தொடக்கத்திலிருந்து உலகில் ஹாப் மிஞ்சிக்கிடந்தது. ஆல்பா அமிலம் அதிகமுள்ள புதிய ரகங்கள் வந்ததால், அதே கசப்புக்குக் குறைவான நிலம் போதுமானதாயிற்று. பெரிய ஆலைகள் பீரின் கசப்பைக் குறைத்துக்கொண்டும் போயின. சாறாகப் பிரித்தெடுத்து டப்பாவில் அடைத்த ஹாப் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும், அதுவும் கிடங்குகளில் குவிந்தது. விலை விழுந்தது. விவசாயிகள் கொடியைப் பிடுங்கிவிட்டு ஆப்பிளும் திராட்சையும் சோளமும் வைத்தார்கள். 2006-க்குள் உலகின் ஹாப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அமெரிக்காவில் 1990-களின் நடுவில் 40,000 ஏக்கருக்கு மேல் இருந்தது 30,000-க்கும் கீழே இறங்கியது. 2006-இல் அந்த நாட்டு விவசாயிக்குக் கிடைத்த சராசரி விலை பவுண்டுக்கு 2 டாலரைச் சுற்றித்தான்.

அந்த ஆண்டுகளில் சிறிய ஆலைகளுக்கு யோகம்தான். ஒப்பந்தம் எதற்கு? வேண்டும்போது வியாபாரியைக் கூப்பிட்டால் அன்றைய விலைக்குச் சரக்கு வரும். இதற்கு ஸ்பாட் மார்க்கெட் என்று பெயர். ஆலைக்காரர்கள் பலர் அதையே இயல்பு என்று நம்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தால், குளத்தை எட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? ஆனால் அந்த மலிவு விலையில் பயிர்ச்செலவு கட்டுப்படாமல் விவசாயி தொழிலைவிட்டே போய்க்கொண்டிருந்தார் என்பது விலைப்பட்டியலில் தெரியாது.

2006-இல் ஐரோப்பாவில் விளைச்சல் சுகமில்லை. அந்த அக்டோபர் தொடக்கத்தில் யகிமாவில் எஸ். எஸ். ஸ்டைனர் என்ற ஹாப் வியாபார நிறுவனத்தின் கிடங்கு எரிந்தது. சுமார் 10,000 பொதிகள் போயின. ஒரு பொதி 200 பவுண்டு எடை, ஆக ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு. அந்த ஆண்டு அமெரிக்க விளைச்சலில் கிட்டத்தட்ட 4 சதவீதம். டாலரின் மதிப்பும் இறங்கிக்கொண்டிருந்ததால் ஐரோப்பிய ஹாப் அமெரிக்கர்களுக்கு இன்னும் விலை கூடியது. கிடங்குகளில் குவிந்திருந்த பழைய சாறும் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

பலரும் அந்தத் தீயைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் கையிருப்பு நிறைய இருந்த காலத்தில் 4 சதவீத இழப்பு யாருக்கும் உறைத்திருக்காது. மெத்தை கரைந்துபோன பிறகு விழுந்ததால்தான் எலும்பு முறிந்தது.

உடனே நட்டுச் சரிசெய்யவும் வழியில்லை. பந்தல் போட ஏக்கருக்குப் பெரும் முதல் வேண்டும். உலர்த்தும் கூடமும் பறிக்கும் இயந்திரமும் வேண்டும். நட்ட கொடி முழு மகசூல் தர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

இருபதாயிரம் பவுண்டு

அந்தக் குளிர்காலத்தில் சிறிய ஆலைகள் எல்லா வழியும் பார்த்தன. விலையை ஏற்றின. ஹாப் அதிகம் கேட்கும் பீர்களைத் தள்ளிவைத்தன. காஸ்கேட் இல்லாத இடத்தில் சென்டெனியல், கோல்டிங்ஸ் இல்லாத இடத்தில் ஃபக்கிள் அல்லது வில்லமெட், டெட்னாங் இல்லாத இடத்தில் ஸ்பால்ட் என்று நெருங்கிய சொந்தங்களைத் தேடின. கசப்புக்கு எது கிடைத்ததோ அதைப் போட்டு, மணத்துக்கான கொஞ்ச ஹாப்பைக் கடைசி நிமிடத்துக்குப் பத்திரப்படுத்தின. ஒருவரிடம் மிஞ்சியதை இன்னொருவர் கைமாற்றாக வாங்கிக்கொண்டார். வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு விற்கும் கடைகளில் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள்.

2008 பிப்ரவரியில் நடந்த ஒரு விஷயம் இந்த நிகழ்விலேயே எனக்கு மிகவும் பிடித்தது. சாமுவேல் ஆடம்ஸ் பீரைக் காய்ச்சும் பாஸ்டன் பீர் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டது. தன் கையிருப்பிலிருந்து 20,000 பவுண்டு ஹாப்பை மற்ற கிராஃப்ட் ஆலைகளுக்கு வாங்கிய விலைக்கே தருவதாகச் சொன்னது. பாதி இங்கிலாந்தின் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ், பாதி ஜெர்மனியின் டெட்னாங். கேட்பவர்கள் அதிகமானால் குலுக்கல். உண்மையிலேயே வழியில்லாதவர்கள் மட்டும் கேளுங்கள், வாங்கி மறுவிற்பனை செய்யாதீர்கள் என்று நிறுவனர் ஜிம் கோக் கேட்டுக்கொண்டார். ஸ்பாட் மார்க்கெட்டில் விற்றிருந்தால் பல மடங்கு லாபம் பார்த்திருக்கலாம். கேட்ட ஆலைகளோ அவருக்குப் போட்டியாளர்கள்.

20,000 பவுண்டு என்பது யகிமா கணக்கில் சுமார் பத்து ஏக்கரின் ஒரு ஆண்டு விளைச்சல்தான். நாடு தழுவிய தட்டுப்பாட்டுக்கு முன் அது சொற்பம். ஆனால் எட்டுப் பத்துத் தொட்டி மட்டுமே வைத்திருக்கும் ஆலைக்குச் சில நூறு பவுண்டு கிடைத்தால் சில மாதங்கள் ஓட்டிவிடலாம். கடையை மூடாமல் அடுத்த அறுவடை வரை தாக்குப்பிடிக்க அது போதும்.

கோக்கால் கொடுக்க முடிந்ததற்கு முக்கியமான காரணம், அவர் ஹாப்பை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். ஒப்பந்தம் போட்டவர்களுக்கு ஒப்பந்த விலையிலேயே சரக்கு வந்தது. அதே 2007-இல், அதே பள்ளத்தாக்கிலிருந்து, ஒரே ரகத்தை ஒரு ஆலை 4 டாலருக்கும் இன்னொரு ஆலை 20 டாலருக்கும் வாங்கின என்றால் நடுவில் இருந்தது ஒரு காகிதம்தான்.

ஒப்பந்தம் என்ற இன்னொரு பள்ளம்

அப்புறம் எல்லோரும் ஒப்பந்தம் போட ஓடினார்கள். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு, இந்த ரகம், இத்தனை பவுண்டு, இந்த விலை என்று. பயத்தில் போட்ட ஒப்பந்தம் என்பதால் விலையும் உச்சத்தில் இருந்தது, அளவும் தேவைக்கு மேல் இருந்தது. விவசாயிகளும் நட்டுத் தள்ளினார்கள். 2007-இல் சுமார் 31,000 ஏக்கராக இருந்த அமெரிக்கப் பரப்பு அடுத்த ஆண்டே 41,000-ஐ எட்டியது. விளைச்சல் 2007-இல் சுமார் 6 கோடி பவுண்டு, 2009-இல் 9 கோடியைத் தாண்டியது.

இடையில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. பெரிய நிறுவனங்கள் இணைந்தன, கொள்முதலைக் குறைத்தன. ஆன்ஹாய்சர்-புஷ் என்ற பெரிய பீர் நிறுவனம், இன்பெவ் நிறுவனத்துடன் இணைந்த பிறகு வில்லமெட் ரகத்தை வாங்குவதைச் சுருக்கியபோது, அதை நம்பி நட்டிருந்த ஒரேகான் விவசாயிகள் தவித்துப்போனார்கள். ஸ்பாட் விலை மறுபடி தரைக்கு வந்தது. 2010-இல் பரப்பு திரும்பவும் 31,000 ஏக்கர். உச்ச விலையில் கையெழுத்துப் போட்ட சிறிய ஆலை, பக்கத்து ஆலை மலிவாக வாங்குவதைப் பார்த்துக்கொண்டே கூடுதல் விலை கட்டிக்கொண்டிருந்தது.

இங்கேதான் ஆலைக்காரர்கள் இரண்டு வகையாகப் பிரிந்தார்கள் என்று நினைக்கிறேன். சிலர் ஒப்பந்தத்தைச் சூதாட்டமாகப் பார்த்தார்கள், விலை ஏறுமா இறங்குமா என்று. மற்றவர்கள் அதை விவசாயியுடனான உறவாகப் பார்த்தார்கள். எதிர்பார்க்கும் தேவையில் பெரும்பகுதிக்கு மட்டும் ஒப்பந்தம், மீதிக்கு ஸ்பாட். முதல் ஆண்டுக்கு அதிகம், தள்ளிப்போகும் ஆண்டுகளுக்குக் குறைவு என்று படிப்படியாக. முக்கியமான ஒரு ரகத்துக்கு மாற்றாக இன்னொன்றைக் காய்ச்சிப் பார்த்தும் வைத்துக்கொள்வது. இரண்டாவது வகையினர்தான் பின்னால் வந்த ஆட்டங்களில் நின்றார்கள்.

அந்த உறவு கண்ணுக்குத் தெரியும் இடம் யகிமாவின் செப்டம்பர். அறுவடை நேரத்தில் ஆலைக்காரர்கள் அங்கே நேரில் போகிறார்கள். ஒப்பந்தம் செய்த ரகத்தில் பல தோட்டங்களின் மாதிரிகளை மேசையில் வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றும் பொதியிலிருந்து செங்கல்போல் அறுத்து எடுத்த துண்டு. நிறம் பார்த்து, கூம்பைப் பிய்த்து லுப்புலின் பார்த்து, பிறகு ஒரு பிடி எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் சூடு பறக்கத் தேய்த்து முகர்கிறார்கள். ரகம் ஒன்றுதான், ஆனால் ஒரு தோட்டத்துச் சிம்கோவில் ஆரஞ்சுத்தோலும் பைன் மரமும் மணக்கும், பத்து நாள் தாமதமாகப் பறித்த இன்னொன்றில் வெங்காயம் அடிக்கும். எந்த மண், எந்த நாள் பறித்தது, எவ்வளவு சூட்டில் உலர்த்தியது எல்லாம் மூக்குக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குத் தேர்ந்தெடுத்த தோட்டத்தின் எண்ணை எழுதிக்கொடுத்தால் அந்தப் பொதிகள் அந்த ஆலைக்கு. ஸ்பாட்டில் வாங்குபவருக்கு இந்த மேசையில் இடம் கிடையாது. மற்றவர்கள் எடுத்ததுபோக மீதிதான்.

யாருடைய கொடி?

தட்டுப்பாட்டுக்குப் பிறகு வந்த மாற்றங்களில் பெரியது ரகங்களின் சொந்தக்காரர் மாறியது. காஸ்கேட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரேகானில் உருவாக்கி 1972-இல் வெளியிட்டது. ஆங்கர் ஆலையின் லிபர்ட்டி ஏல் என்ற பீரும், 1980-இல் வந்த சியரா நெவாடா பேல் ஏல் என்ற பீரும் அதன் மணத்தை உலகுக்குக் காட்டின. அரசின் ரகம் என்பதால் யார் வேண்டுமானாலும் நடலாம்.

சிட்ராவின் கதை வேறு. ஜான் ஐ. ஹாஸ் என்ற ஹாப் நிறுவனத்தில் புதிய ரகங்களை உருவாக்கிய ஜீன் ப்ரோபாஸ்கோ 1990-இல் செய்த ஒரு கலப்பிலிருந்து வந்தது அது. எக்ஸ்-114 என்ற எண்ணோடு பல ஆண்டுகள் சோதனைத் தோட்டத்தில் கிடந்தது. வாங்க ஆள் இல்லை. விட்மர் பிரதர்ஸ், டெஷூட்ஸ், சியரா நெவாடா ஆகிய ஆலைகள் அதை முகர்ந்து பார்த்து முன்வந்த பிறகுதான் சில ஏக்கர் நடப்பட்டது. தட்டுப்பாட்டின் நடுவில், 2008-இல், சிட்ரா என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. மாம்பழம், லிச்சி, எலுமிச்சை என்று அதன் மணத்தை விவரிக்காதவர் இல்லை. பத்தே ஆண்டில், 2018-இல், அமெரிக்காவிலேயே அதிகப் பரப்பில் நடப்பட்ட ரகமானது.

சிட்ரா, மொசைக் இரண்டும் தனியார் ரகங்கள். உரிமம் பெற்ற விவசாயி மட்டுமே நடலாம், எத்தனை ஏக்கர் என்பதையும் உரிமையாளரே தீர்மானிக்கிறார். இதனால் 1990-களின் கண்மூடித்தனமான நடவு குறையும் என்று சொன்னார்கள். விலை தரையில் விழாததால் விவசாயிக்கும் நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆலையின் பக்கமிருந்து பார்த்தால் கவலைக்கு இடமிருக்கிறது. தன் முதன்மை பீரை ஒரே தனியார் ரகத்தில் கட்டிய ஆலைக்கு அந்த ரகத்தை வாங்க ஓரிரு வாசல்கள்தான். காஸ்கேட் தீர்ந்தால் நாலு மாநிலத்தில் விசாரிக்கலாம். சிட்ராவுக்கு எங்கே போவது? என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்கும் ஆலை தன் அடையாள பீரில் பாதியாவது பொது ரகமாக வைத்துக்கொள்ள வேண்டும். காஸ்கேட், சென்டெனியல், சினூக் எல்லாம் பழசாகிவிட்டன என்று ஒதுக்குபவர்கள், நல்ல தோட்டத்தில் சரியான நாளில் பறித்த காஸ்கேட்டை இன்னும் முகர்ந்து பார்க்கவில்லை.

கட்டுப்பாடு இருந்தும் சக்கரம் நிற்கவில்லை. 2010-களில் ஆலைகளின் எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டியது. ஒவ்வொன்றும் 'அடுத்த ஆண்டு இரு மடங்கு விற்போம்' என்ற கணக்கில் ஒப்பந்தம் போட்டது. 2021-இல் அமெரிக்க ஹாப் பரப்பு 60,000 ஏக்கரைக் கடந்தது, அதில் சிட்ரா மட்டும் 10,000-க்கு மேல். கொரோனாவில் மதுக்கூடங்கள் மூடிக்கிடந்ததும், கிராஃப்ட் பீரின் வளர்ச்சி நின்றதும் அந்தக் கணக்கை உடைத்தன. கிடங்குகளில் விற்காத பொதிகள் குவிந்தன. ஒப்பந்தத்திலிருந்து விடுபட வழி கேட்டு ஆலைகள் வியாபாரிகளிடம் போய் நின்றன. 2007-இல் சரக்கு கேட்டுக் கூப்பிட்ட அதே எண்களுக்கு இப்போது சரக்கு வேண்டாம் என்று அழைப்பு போனது.

2024-இல் அறுவடையான பரப்பு 45,000 ஏக்கருக்குக் கீழே வந்துவிட்டது. யகிமாவில் பிடுங்கப்பட்டவற்றில் சிட்ராவும் இருந்தது. சில இடங்களில் கொடியை மட்டும் எடுத்துவிட்டு, கம்பத்தையும் கம்பியையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.